லைனில் இரைச்சல்

2006 ஜூன். அம்பாசமுத்திரம் வீட்டுத் திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டே பெரிய அத்தை கேட்டாள், "புள்ள என்ன படிக்கப் போறா?" அப்பா "கம்யூனிகேஷன்" என்றார். அத்தை முகம் மலர்ந்துவிட்டது. "இசிஇயா? நல்லதுதான். கேம்பஸ்லயே எடுத்துருவானாம்லா."

அத்தை சொன்னது எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங். அப்பா மறுக்கவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்றில்லை. அவருக்கே சரியாகத் தெரியாது. அவர் பி.எஸ்.என்.எல்.லில் லைன்மேன். அடையாள அட்டையில் டெலிகாம் மெக்கானிக் என்று இருக்கும், ஊருக்கு அவர் லைன்மேன்தான். மகள் கம்யூனிகேஷன் படிக்கிறாள் என்றால் ஏதோ நம்ம டிபார்ட்மென்ட் சங்கதிதான் என்று நினைத்துக்கொண்டார். நான் சேர்ந்தது பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன். சுயநிதிப் பிரிவு. அதாவது அதே கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவில் வரலாறு படிக்கிற பிள்ளை ஒரு வருஷத்துக்குக் கட்டுவதைப்போலப் பல மடங்கை நாங்கள் ஒரு பருவத்துக்குக் கட்டினோம். அந்தச் சலானைப் பார்த்தபோதுதான் அப்பா முதல்முறையாக, "இதுல என்னதாம்மா சொல்லிக் குடுப்பாங்க?" என்று கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. "டிவி, பேப்பர், விளம்பரம் எல்லாம்ப்பா" என்றேன்.

முதல் நாள் வகுப்பில் ஆசிரியர் கேட்ட கேள்வி எல்லா விஸ்காம் வகுப்பிலும் கேட்கப்படுவதுதான். "யார் யாருக்கெல்லாம் டைரக்டர் ஆகணும்?" நாற்பத்திரண்டு பேரில் முப்பதுக்கு மேல் கை தூக்கினார்கள். மிச்சமிருந்தவர்களில் பாதிப் பேர் கேமராமேன். நானும் இன்னும் மூன்று பெண்களும் செய்தி வாசிக்கப் போகிறோம் என்றோம். கைகளை எண்ணி முடித்துவிட்டு அவர் போர்டில் ஐந்து கட்டங்கள் வரைந்தார். சொல்கிறவர், அனுப்பும் கருவி, ஊடகம், வாங்கும் கருவி, கேட்கிறவர். நடுக் கட்டத்துக்குக் கீழேயிருந்து மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. அதன் அடியில் எழுதினார்: இரைச்சல்.

அது கிளாட் ஷானன் 1948இல் போட்ட படம். சினிமா கற்க வந்தவர்களுக்கு முதல் பாடமாக ஒரு டெலிபோன் கம்பெனி இன்ஜினியரின் படத்தைக் காட்டினால் எப்படி இருக்கும்? கடைசி பெஞ்சில் அப்போதே ஒருவன் தூங்கிவிட்டான். அவன்தான் இப்போது எங்கள் செட்டில் நன்றாகச் சம்பாதிக்கிறவர்களில் ஒருவன். அது பிறகு.

வார இறுதியில் ஊருக்குப் போனபோது நோட்டைப் புரட்டிய அப்பா அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். "ஏளா, இது எங்க வேலைல்லா?" என்றார். பிறகு அரைமணி நேரம் அவர்தான் பாடம் நடத்தினார். மழை பெய்தால், தெருவோரத்தில் டெலிபோன் கம்பிகள் சேர்கிற பில்லர் பெட்டிக்குள் ஈரம் இறங்கும். பூமிக்கடியில் கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் புகுந்தால் கரகரவென்று சத்தம் வரும், சில நேரம் பக்கத்து லைன்காரர் பேசுவதே இதில் கேட்கும். "சத்தம் கேக்கலைன்னா ஆளுக என்ன செய்வாங்கன்னு நெனைக்க? கத்துவாங்க. கத்தி ஒண்ணும் ஆவாது. தோண்டிப் பாத்து ஜாயின்ட்ட சரிபண்ணணும்."

மூன்று வருஷப் பட்டப்படிப்பிலும் இரண்டு வருஷ எம்.ஏ.யிலும் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு இரைச்சலை விளக்கியதில்லை. ஷானன் தன் கட்டுரையின் தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறார்: செய்தியின் அர்த்தத்துக்கும் இன்ஜினியரின் சிக்கலுக்கும் சம்பந்தம் இல்லை. அனுப்பியது அப்படியே அங்கே வந்ததா, அவ்வளவுதான் அவருக்கு வேண்டும். வாரன் வீவர் அடுத்த வருஷமே அவருடன் சேர்ந்து, அர்த்தத்தையும் இதற்குள் கொண்டுவர முடியும் என்று எழுதினார். எங்கள் துறையின் பெரும் பகுதி அந்த இடைவெளியில்தான் குடித்தனம் நடத்துகிறது. கம்பி சரியாக இருக்கிறது, சத்தம் தெளிவாக இருக்கிறது, ஆனாலும் கேட்டவருக்குப் புரியவில்லை. அந்த ஜாயின்ட் எங்கே இருக்கிறது?

இதெல்லாம் அன்றைக்குத் தோன்றியதாகச் சொன்னால் பொய். அன்றைக்கு எனக்குப் பிடித்தது இருட்டறை. எங்கள் காலத்தில் சிலபஸில் பிலிம் போட்டோகிராபி இன்னும் மிச்சமிருந்தது. ஆளுக்கு ஒரு முப்பத்தாறு பிரேம் ரோல், கருப்பு வெள்ளை. சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் டெவலப்பர் தட்டில் வெள்ளைத் தாள் மிதக்கும். முதலில் ஒன்றுமே இருக்காது. அப்புறம் திருநெல்வேலி குறுக்குத்துறை ஆற்றங்கரைப் படிக்கட்டின் நிழல் மட்டும் கருக்கும். அதற்குப் பிறகுதான் படியில் உட்கார்ந்திருக்கும் கிழவரின் வேட்டி விளிம்பு தெரியும். படம் கழுவுகிற ஹைப்போ ரசாயனத்தின் வாடை இரண்டு நாளைக்கு விரலை விட்டுப் போகாது. ரெக்கார்டு நோட்டில் ஒட்டிய அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தத் திறமை எனக்கு ஒரு ரூபாய்கூடச் சம்பாதித்துத் தந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தியரி வகுப்பை யாரும் மதிக்கவில்லை. வருகைப் பதிவுக்காக உட்கார்ந்திருந்தோம். அமெரிக்க ஆய்வாளர் லாஸ்வெல்லின் ஐந்து கேள்விகளை மனப்பாடம் செய்து பரீட்சைக்கு எழுதினோம்: யார் சொல்கிறார், என்ன சொல்கிறார், எந்த வழியாக, யாருக்கு, என்ன விளைவு. இருநிலைப் பாய்வு என்று ஒரு பாடம். செய்தி ஊடகத்திலிருந்து நேராக எல்லோருக்கும் போய்ச் சேருவதில்லை, ஊரில் நாலு பேர் மதிக்கிற ஒருவர் வழியாகப் போகிறது என்பது காட்ஸ், லாசர்ஸ்ஃபெல்ட் சொன்னது. அமெரிக்க ஓட்டுக் கணக்குகளை வைத்து எங்களுக்கு அதை விளக்கினார்கள். கல்லூரி வாசல் டீக்கடையில் ஒருவர் தினத்தந்தியைச் சத்தமாகப் படிக்க, ஆறு பேர் கேட்டுக்கொண்டிருப்பதைத் தினமும் பார்த்தபடிதான் வகுப்புக்குள் போனோம். அதை யாரும் பாடமாகச் சொல்லவில்லை. 1942இல் ஆதித்தனார் அந்தப் பத்திரிகையைத் தொடங்கியபோது, பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற தமிழ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். காதால் கேட்கப்படும் செய்தித்தாளுக்கு வேறு எந்தத் தமிழ் சரிப்படும்?

ஒரே ஒரு வகுப்பு மட்டும் மனதில் தங்கிவிட்டது. விருந்தினராக வந்த ஓய்வுபெற்ற வானொலிக்காரர் ஒருவர் "ரேடியோ நெல் தெரியுமா?" என்று தொடங்கினார். 1960களில் ஆடுதுறை 27 என்ற புது நெல் ரகம் வந்தது. திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் அதைப் பற்றி விடாமல் பேசின. எப்போது நாற்று விட வேண்டும், எவ்வளவு உரம், எந்தப் பூச்சிக்கு என்ன மருந்து என்று. தஞ்சை விவசாயிகளுக்கு ஆடுதுறையும் எண்ணும் வாயில் நுழையவில்லை. "ரேடியோ நெல் இருக்கா?" என்றுதான் விதை கேட்டார்கள். எவரெட் ரோஜர்ஸ் 1962இல், ஒரு புதுமை எப்படி ஊருக்குள் பரவுகிறது என்று ஒரு புத்தகமே எழுதினார். அதை நாங்கள் பரீட்சைக்குப் படித்தோம். அதன் நம்மூர் உதாரணம் ஒரு நெல்லின் பெயராகவே இருந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக, இது சினிமாவுக்கும் டிவிக்கும் வெளியே போகிற படிப்பு என்று லேசாக உறைத்தது. ஆனால் அந்த வானொலிக்காரர் செய்த வேலைக்கு என்ன பெயர், அதற்கு எங்கே விண்ணப்பம் போட வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை.

எம்.ஏ. சென்னையில். அந்த நகரத்தில் எங்கள் துறையின் எல்லா ரகமும் உண்டு. லயோலா விஸ்காம் என்றால் கோடம்பாக்கத்தில் தனி மதிப்பு. தரமணிப் பக்கம், 2000இல் பெங்களூரிலிருந்து இடம்பெயர்ந்த ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம்; அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பத்திரிகைப் பக்கம் போவார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி முதல் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி, 90.4. விடுதி அறையில் சமைத்துக்கொண்டே அதைக் கேட்பேன். குடிசைப் பகுதிப் பெண்கள் தாங்களே மைக்கில் பேசுவார்கள். உச்சரிப்பு, மூச்சு, இடைவெளி என்று எங்களுக்குச் சொல்லித்தந்த விதிகள் எல்லாவற்றையும் மீறித்தான் பேசுவார்கள். கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

2011இல் படிப்பு முடிந்தது. தமிழில் செய்திச் சேனல்கள் பெருகத் தொடங்கியிருந்த நேரம். புதிய தலைமுறை அந்த ஆகஸ்டில்தான் வந்தது, அதைப் பார்த்து மற்றவர்களும் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு சேனலில் சேர்ந்தேன். செய்தி வாசிக்க அல்ல. குரல் தேர்விலேயே "நெல்லை வாடை அடிக்குது" என்று டெஸ்க்குக்கு அனுப்பிவிட்டார்கள். சப் எடிட்டர், ஒன்பதாயிரம் சம்பளம், இரவுப் பணி. ஸ்டிரிங்கர், அதாவது ஊரில் இருக்கிற பகுதிநேரச் செய்தியாளர், போனில் சொல்வதை எழுதி, பைட் என்கிற பேட்டித் துண்டை வெட்டி, கீழே ஓடும் ஸ்க்ரோல் அடிப்பது வேலை.

அங்கே நடந்த ஒன்றை இன்னும் நினைத்தால் கூசுகிறது. வடகிழக்குப் பருவமழை நேரம். இரவு பதினொன்றரைக்கு ஒரு மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு வந்தது. "கனமழை: நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்று மாவட்டப் பெயரோடு அடித்துப் போட்டேன். சரியான செய்தி. எழுத்துப்பிழை இல்லை. மற்ற சேனல்களுக்கு முன்பே போட்டோம் என்று ஷிப்ட் இன்சார்ஜ் பாராட்டினார். ஸ்க்ரோல் ஓடிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு தாண்டியது. நான் மூன்று மணிக்குத் தலையைச் சாய்த்தேன். காலை ஆறரைக்கும் அதே வரி, அதே "நாளை". அந்நேரம் டிவி போட்ட வீடுகளில், நாளைக்குத்தானே லீவு, இன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டு என்று பிள்ளைகளைக் குடையோடு அனுப்பியிருக்கிறார்கள். பூட்டிய கேட் முன்னால் நனைந்துகொண்டு நின்ற பிள்ளைகளைப் பற்றி எட்டு மணிக்கு அலுவலகத்துக்கு போன் வந்தது. ஒரு அம்மா அழுதேவிட்டார்.

எனக்கு மெமோ கிடைத்தது. நியாயம்தான். ஆனால் அந்த ஸ்க்ரோல் எத்தனை மணிக்குக் காலாவதியாகும் என்று பார்க்க அங்கே ஒரு ஆளும் இல்லை, ஒரு முறையும் இல்லை. மெமோ மட்டும் இருந்தது. அன்றிலிருந்து நான் எங்கேயும் நாளை, இன்று, நேற்று எழுதுவதில்லை. கிழமையும் தேதியும்தான். என் கல்யாண வாட்ஸ்அப் அழைப்பில்கூட.

சேனலில் இரண்டரை வருஷம். பிறகு ஒரு விளம்பர நிறுவனத்தில் காப்பிரைட்டர். அங்கே என் வேலை ஆங்கிலத்திலோ இந்தியிலோ பிறந்த விளம்பரத்தைத் தமிழ் ஆக்குவது. கிளையன்ட் மும்பையில் இருப்பார், தமிழ் தெரியாது, ஆனால் "இது அவ்வளவு பன்ச்சா இல்லையே" என்பார். அந்தக் கதை இவ்வளவு போதும்.

இப்போது எட்டு வருஷமாக நான் செய்யும் வேலைக்கு 2006இல் பெயரே கேள்விப்பட்டதில்லை. பணம் அனுப்பும் செயலி ஒன்றில் தமிழ் எழுதுகிறேன். யுஎக்ஸ் ரைட்டர் என்பார்கள். பொத்தான்மேல் வருகிற இரண்டு சொல், பிழை வந்தால் வருகிற ஒரு வரி, அவைதான் என் எழுத்து. 2016இல் யுபிஐ வந்தது, அந்த நவம்பரில் ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பும் வந்தது. அதுவரை ஏடிஎம் வாசலில்கூடத் தயங்கி நின்றவர்கள் போனில் பணம் அனுப்ப வேண்டியதாகிவிட்டது. அவர்களுக்கு ஆங்கிலம் வேண்டாம். எங்களிடம் இருந்த தமிழும் வேண்டாம் என்று சீக்கிரமே தெரிந்தது.

"வெளியேறு" என்று ஒரு பொத்தான் இருந்தது. பெரம்பூர் காய்கறிக்கடை அம்மா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, போடான்னு சொல்லுது?" என்றார். "சமர்ப்பி" என்ற பொத்தானுக்குக் கோயில் வாடை. "பரிவர்த்தனை நிலுவையில் உள்ளது" என்பதைப் பத்துப் பேரிடம் காட்டினேன். ஏழு பேர், தான் யாருக்கோ பாக்கி வைத்திருப்பதாக நினைத்தார்கள். நிலுவை என்றால் நம்மூரில் கடன்பாக்கிதானே. எழுதியவர் அகராதியைப் பார்த்து எழுதியிருக்கிறார், ஆளைப் பார்த்து எழுதவில்லை.

இன்னொன்று. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போட வேண்டியதில்லை. போடச் சொன்னால் அது மோசடி. க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும் என்று ஏமாற்றுவது அப்போது ஊரெங்கும் நடந்தது. எச்சரிக்கை வரி வேண்டும் என்றார்கள். வந்த முதல் வரைவு: "பணம் பெற பின் தேவையில்லை." படித்துப் பாருங்கள். பின் தேவையில்லை, அதாவது பிறகு தேவையில்லை, அப்படியானால் முன்னால் தேவையா? ஆங்கிலத்தில் PIN என்று மூன்று எழுத்தாக இருந்தது தமிழுக்குள் வந்ததும் வேறு சொல்லாகிவிட்டது. ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அப்பா சொல்லியிருப்பார். ஒன்றரை நாள் உட்கார்ந்து "பணம் வாங்க ரகசிய எண் கேட்க மாட்டோம். யாராவது கேட்டால் போடாதீர்கள்" என்று மாற்றினேன். அது பொத்தானின் அகலத்துக்குள் நிற்கவில்லை. டிசைனரோடு சண்டை போட்டு இரண்டு வரியாக்கினோம். தமிழுக்கு இடம் கேட்டு நடக்கிற இந்தச் சண்டை என் வேலையில் பாதி.

இப்போதெல்லாம் முதல் வரைவை இயந்திரமே தருகிறது. இலக்கணம் பழுதில்லாமல் இருக்கிறது. காய்கறிக்கடைக்கு எடுத்துப்போய்க் காட்டுகிற வேலையை அது செய்வதில்லை, அதனால் எனக்கு இன்னும் சம்பளம் வருகிறது.

அன்று கை தூக்கிய முப்பது பேர்? ஒருவர் மட்டும் படம் இயக்கினார். வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இன்னொருவர் பதினொரு வருஷம் உதவி இயக்குநராக, பேட்டா வந்தால் சாப்பாடு என்று சாலிகிராமத்தில் இருந்துவிட்டு, இப்போது ஓடிடி படங்களுக்கு சப்டைட்டில் எழுதுகிறார். செய்தி வாசிக்க ஆசைப்பட்ட தோழி, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதி ஒரு கல்லூரியில் விஸ்காம் சொல்லித்தருகிறாள், முதல் நாள் அதே கேள்வியைக் கேட்கிறாளாம். ஒருவன் நாகர்கோவிலில் கல்யாண போட்டோகிராபர், முகூர்த்த நாள்களில் போனே எடுக்க மாட்டான். ஒருத்தி ஓஎம்ஆரில் மென்பொருள் கம்பெனிகளுக்குப் பயிற்சிப் பாடம் எழுதுகிறாள். அரசு மக்கள் தொடர்புத் துறையில் ஒருவர் இருக்கிறார். வெள்ளம் வந்தால் அவர் எழுதும் பத்திரிகைக் குறிப்பைத்தான் எல்லாச் சேனலும் வாசிக்கும். கடைசி பெஞ்சில் தூங்கியவன் சவுண்ட் இன்ஜினியர், டப்பிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். இரைச்சலை நீக்குவதுதான் அவன் பிழைப்பு. பாடத்தைக் கவனிக்காமலேயே பிடித்துக்கொண்டான் பாருங்கள்.

பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் சிலர் என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள், சேர்க்கலாமா என்று. அந்தக் கல்லூரியில் என்ன கேமரா இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். கேமரா மூன்று வருஷத்தில் பழசாகிவிடும். அதைவிட நல்லது இப்போது பிள்ளையின் சட்டைப்பையிலேயே இருக்கிறது. எத்தனை ஆசிரியர்கள் துறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள், மாணவர்கள் எழுதியதை யாராவது சிவப்பு மையால் திருத்தித் தருகிறார்களா, இன்டர்ன்ஷிப்புக்கு உண்மையாகவே அனுப்புகிறார்களா, சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொள்கிறார்களா, இதையெல்லாம் விசாரியுங்கள் என்பேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பத்தியைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்து வெளியே வருகிற பிள்ளை பட்டினி கிடக்காது. டைரக்டர் ஆசை இருந்தால் இருக்கட்டும், அதைக் கெடுக்க நான் யார். ஆனால் முதல் ஐந்து வருஷச் சம்பளம் இசிஇ படித்த அத்தை மகனின் சம்பளத்தில் பாதிகூட இருக்காது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். பாதிப் பேர் அதற்குப் பிறகு கூப்பிடுவதில்லை.

அப்பா 2020 ஜனவரியில் விருப்ப ஓய்வில் வந்துவிட்டார். ஒரே மாதத்தில் எழுபத்தெட்டாயிரம் பேருக்கு மேல் பி.எஸ்.என்.எல்.லை விட்டு வெளியே வந்த அந்தக் கூட்டத்தில் அவரும் ஒருவர். எங்கள் தெரு பில்லர் பெட்டிக்குள் இப்போது அணில் குடியிருக்கிறது. போன வருஷம் வரை பால்காரருக்குக் கையில்தான் காசு கொடுப்பார். பால்காரரே க்யூஆர் அட்டை மாட்டியதும் வேறு வழியில்லாமல் என் செயலியைப் போட்டுக்கொண்டார்.

ஒருநாள் காலை ஏழு மணிக்கு போன்.

"எம்மா, பால்காரனுக்கு எண்ணூறு அனுப்பினேன். 'பணம் போய்ச் சேர நேரம் ஆகலாம். மறுபடி அனுப்ப வேண்டாம்'னு வருது. இத எழுதுனது நீயா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நிலுவையில் தொடங்கி அந்த இரண்டு வாக்கியத்துக்கு வந்து சேர நான்கு மாதம் ஆகியிருந்தது. "ஆமாப்பா. புரியுதா?"

"புரியுது. நல்லாத்தான் இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "நேரம் ஆகலாம்னா எவ்வளவு நேரம்ட்டீ? பத்து நிமிசமா, பத்து நாளா? அவன் வாசல்ல நிக்கான்."